ஐர்வென் தெருவால்வை மூடிய சனிக்கிழமை

ஐர்வென் பார்ரி தெருவில் இருக்கும் தண்ணீர் வால்வை மூடிய நேரத்தில், தலை முழுக்கப் பிளீச்சும் வெள்ளித்தாளுமாக நான் அவளுக்குப் பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆகவே இதைச் சொல்ல என்னைவிடத் தகுந்த ஆள் இந்தத் தெருவில் கிடையாது. நான் பார்க்காத பாகத்தை அவள் கணவன் க்விலிம் பிறகு சொன்னான். க்விலிம் எதையும் ஏற்றிச் சொல்கிறவன் இல்லை. வீடு பற்றி எரிந்தால்கூட ‘கொஞ்சம் சூடா இருக்கு’ என்பான்.

ஐர்வென்னும் நானும் ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. நான் தபால் ஆபீஸ் கவுண்ட்டர் வேலைக்குப் போனேன். அவள் பிஸ்கட் தொழிற்சாலையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும், பஸ் ஓட்டப் போகிறேன் என்று டிப்போவில் போய் நின்றாள். அங்கிருந்த ஆண்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் ஓட்டத் தயங்கிய வழியை, மலை ஏறி அடுத்த பள்ளத்தாக்கில் இறங்குகிற அந்த வளைவுப் பாதையை, அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு பனிக்காலம் மலை உச்சியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, பயணிகள் எல்லோரையும் அங்கிருந்த மதுக்கடைக்குள் அனுப்பிவிட்டாள். கீழே இறக்கிக்கொண்டு வா என்று மேலாளர் வயர்லெஸ்ஸில் கத்தியிருக்கிறார். “நிறுத்த முடியாத இடத்துல நான் வண்டிய எடுக்க மாட்டேன். உங்களுக்கு அவசரம்னா நீங்க வந்து எடுத்துக்கிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு, அவளும் உள்ளே போய்ச் சூப் குடித்திருக்கிறாள். மறுநாள் அதற்காக யாரும் அவளைக் கண்டிக்கவில்லை.

வீட்டு விஷயத்திலும் இதே கொள்கைதான். எதையும் கழற்றுவதற்கு முன்னால் அதை எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். பழைய பாய்லரை எடுத்துவிட்டு காம்பி பாய்லர் வைத்தபோது, மாட்ட வந்தவரைச் சும்மா விடவில்லை.

“பரண்ல இருந்த தொட்டியத்தான் எடுத்துட்டீங்களே, இனிமே எனக்குச் சுடுதண்ணி எங்கேருந்து வரும்?”

“தெரு மெயின் குழாய்லேருந்து நேரா வரும்மா. குழாயத் திறந்தா பாய்லர் அப்பவே சுட வெச்சுக் குடுக்கும்.”

“அப்போ மெயின மூடினா ரெண்டு தண்ணியும் நின்னுடும்.”

“நின்னுடும். முன்ன மாதிரி தொட்டில மிச்சம் இருக்குன்னு நினைக்காதீங்க. மூடறதுக்கு முன்னாடி பாய்லர அணைச்சுடுங்க. திறந்ததுக்கு அப்புறம், தண்ணி ஒழுங்கா வர்றதப் பாத்துட்டு, கடைசியாப் போடுங்க.”

“ரூம சூடாக்கற ரேடியேட்டர்ல இருக்கிறது?”

“அது தனித் தண்ணி. உள்ளுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும். வாஷ்பேசின் குழாய் மாத்தறதுக்கெல்லாம் அதத் தொடவே வேண்டாம்.”

அவர் போகும்போது க்விலிம் தேநீர் கொடுத்தான். “பரீட்சையில பாஸாயிட்டேனா?” என்று அவர் கேட்டாராம்.

அந்த வாஷ்பேசின்தான் இந்தச் சனிக்கிழமைக்குக் காரணம். மாடிக் குளியலறையில் இரண்டு குழாயும் சொட்டின. புதுக் குழாய்கள் வாங்கியாகிவிட்டது. கூடவே அவற்றுக்குக் கீழே மாட்ட இரண்டு குட்டி வால்வுகளும் வாங்கியிருந்தாள். அடுத்த தடவை குழாயைத் தொட வேண்டி வந்தால் வீட்டுத் தண்ணீர் முழுவதையும் நிறுத்த வேண்டியதில்லை. ஸ்குரூ டிரைவரால் கால் சுற்று திருப்பினால் போதும்.

மார்ச் மாதத் தொடக்கம். பிற்பகலில் கார்டிஃபில் வேல்ஸ் ஆடுகிற ரக்பி ஆட்டம். க்விலிமுக்கு அதை நிம்மதியாகப் பார்க்க வேண்டும்.

“ஆளக் கூப்பிட்டா என்ன, ஐர்வென்? திங்கட்கிழமை வருவாங்க.”

“திங்கட்கிழமை வந்து நான் செய்யறதத்தான் செய்வாங்க. நீ கெட்டில நிரப்பு. அப்புறம் ரெண்டு வாளி, அந்தச் சூப் பானை. வேலை முடியற வரைக்கும் குடிக்கவும் கக்கூசுக்கும் வேணும்.”

அவன் நிரப்பினான். அவள் பாய்லரின் சுவிட்சை அணைத்தாள். அழுத்தம் காட்டுகிற முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டாள். பிறகு சமையலறைச் சிங்குக்கு அடியில் படுத்து மெயின் வால்வை மூடினாள். மூடிவிட்டு, சிங்க் குழாயைத் திறந்து காத்திருந்தாள். தண்ணீர் குறைந்தது, இன்னும் குறைந்தது, நூல் மாதிரி ஆனது. அதற்குமேல் குறையவில்லை. நூல் அறுபடாமல் வந்துகொண்டே இருந்தது.

“உள்ள வாஷர் போயிடுச்சு. முழுசா மூடல” என்றாள்.

“நூல் மாதிரிதானே வருது. அடியில வாளிய வெச்சுக்கிட்டு செஞ்சுட முடியாதா?”

“மாடியில குழாயக் கழட்டினதுக்கப்புறம் இது நூலாவே இருக்கும்னு யாரு எழுதிக் குடுத்தா? முழுக்க நின்னாத்தான் கை வைப்பேன்.”

எங்கள் தெருவில் ஒவ்வொரு வாசலுக்கு முன்னாலும் நடைபாதையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்பு மூடி இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் எல்லா வாசலுக்கும் கிடையாது. யாரும் உற்றுப் பார்த்ததில்லை. ஐர்வென் வாசலில் ஒன்று இருந்தது; அதற்கு அடியில்தான் தெருவால்வு. அதைத் திறந்து, உள்ளே சேர்ந்திருந்த மண்ணைப் பழைய கரண்டியால் வாரிப் போட்டாள். வால்வைத் திருப்பும் நீளக் கம்பிச் சாவியை இறக்கினாள். முரட்டுத்தனமாகத் திருப்பவில்லை. கொஞ்சம் அந்தப் பக்கம், கொஞ்சம் இந்தப் பக்கம் என்று ஆட்டி ஆட்டி வழிக்குக் கொண்டுவந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. க்விலிம் குடை பிடித்து நின்றான்.

“பக்கத்து வீட்ல ஒரு வார்த்தை சொல்லிடலாமா?” என்று கேட்டிருக்கிறான்.

“எதுக்கு? நம்ம வாசல்ல இருக்கு. நம்மோடது” என்று சொல்லி முழுக்க மூடினாள். சிங்க் குழாயில் அந்த நூலும் அறுந்தது.

அவள் அப்படிச் சொன்னதற்கு வேறு காரணமும் உண்டு. பக்கத்து வீட்டு டெலித் தன் முன்னறையில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் காரை ஐர்வென் வாசலில் நிறுத்திவிடுகிறார்கள். இலையுதிர் காலத்தில் ஒருநாள் பொறுமை இழந்த ஐர்வென், தன் வேனை ஒரு காரின் பம்பரோடு பம்பர் உரசுகிற மாதிரி நிறுத்திவிட்டு வெங்காயத்தாள் மாதிரியான லீக் கீரையின் கண்காட்சிக்குப் போய்விட்டாள். அந்தக் காருக்கு முன்னால் விளக்குக் கம்பம், பின்னால் வேன். சாயங்காலம் வரை அது நகர முடியவில்லை. அந்தக் கார் என்னுடையது. நானும் அவளும் மறுநாளே சிரித்துத் தீர்த்துக்கொண்டோம். டெலித் தீர்த்துக்கொள்ளவில்லை. அதிலிருந்து இருவருக்கும் தலையசைப்பு மட்டும்தான்.

அன்று மாலை எங்கள் பெண்கள் பாட்டுக்குழுவின் கச்சேரி. தனியாக ஒரு பாட்டு பாட என்னை நிறுத்தியிருந்தார்கள். அதற்காகத்தான் நரைக்கு நடுவே பொன்னிறக் கோடுகள் போட்டுக்கொள்ள வந்திருந்தேன். டெலித் பிளீச்சைப் பூசி, வெள்ளித்தாளில் மடித்து, போதிய நேரம் ஆனதும் என்னைப் பின்னால் சாய வைத்துக் குழாயைத் திறந்தாள். அது ஒரு பெருமூச்சு விட்டது. நாலைந்து சொட்டு விழுந்தது. அவ்வளவுதான்.

“பாய்லர் போச்சு” என்று சொல்லி உள்ளே ஓடினாள். அவள் வீட்டிலும் காம்பிதான். ரீசெட் பொத்தானை அவள் அமுக்குகிற சத்தம் கேட்டது. அமுக்கினாள், சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தாள், திரும்பவும் போய் அமுக்கினாள்.

“டெலித், பச்சத் தண்ணி வருதா பாரு” என்று கத்தினேன். எனக்கு உச்சந்தலை லேசாகக் காந்த ஆரம்பித்திருந்தது.

பச்சைத் தண்ணீரும் இல்லை. அவள் திரும்பி வந்து ஜன்னல் பக்கம் பார்த்தபடி நின்றாள். “கொஞ்ச முன்னாடி அவங்க நடைபாதையில மண்டி போட்டு எதையோ முறுக்கிக்கிட்டு இருந்தாங்க. குடை பிடிச்சுக்கிட்டு அவரும் நின்னாரு. செடி நடறாங்கன்னு நினைச்சேன்.”

“நடைபாதையில யாருடி செடி நடுவா?”

கழுத்தில் துண்டும் தலையில் வெள்ளித்தாள் கொண்டையுமாக நான் மழையில் இறங்கினேன். டெலித் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். க்விலிம் கதவைத் திறந்தான். என்னைப் பார்த்ததும் அவன் சொன்னது: “நெஸ்டா, உனக்கு இது நல்லா இருக்கே.”

“தண்ணி எங்க?” என்றாள் டெலித்.

ஐர்வென் கையில் ஸ்பேனரோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். டெலித்தைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள், திறந்த கதவு வழியே நடைபாதையில் இருந்த இரும்பு மூடியைப் பார்த்தாள். டெலித் வாசலில் அப்படி ஒரு மூடி இல்லை. அது ஐர்வென்னுக்கு அந்த நொடியில்தான் உறைத்திருக்க வேண்டும்.

“ரெண்டு வீட்டுக்கும் ஒரே வால்வு” என்றாள். “என் தப்பு. மூடறதுக்கு முன்னாடி உன் கதவைத் தட்டியிருக்கணும். க்விலிம் சொன்னான், நான் கேக்கல.”

டெலித் ஒரு சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள். சண்டை போட ஆள் கிடைக்காததில் அவள் ஒரு கணம் தடுமாறியதை நான் பார்த்தேன்.

“மன்னிப்பெல்லாம் இருக்கட்டும், இவங்க தலைய இப்பவே அலசணும். இன்னும் விட்டா முடி கையோட வந்துடும். திறந்து விடுங்க.”

“இப்ப திறந்தா மாடியில கழட்டி வெச்ச குழாய் வழியா கொட்டும். அலசறதுக்குத் தண்ணி இருக்கு. நெஸ்டா, சிங்குகிட்ட வந்து குனி. க்விலிம், கெட்டில்.”

ஐர்வென் மாடியில் குழாயைக் கழற்றிவிட்டு இறங்கி வந்ததும் தேநீர் போடலாம் என்று க்விலிம் கெட்டிலை ஏற்கனவே கொதிக்க வைத்திருந்தான். ஐர்வென் வாளியில் கொதிநீரை ஊற்றிக் கலந்து, முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். டெலித் வெள்ளித்தாள்களை உருவி எறிந்தாள். எதால் மொண்டு ஊற்றுவது என்று யோசிக்கும்போது க்விலிம் பின்கதவு வழியாகப் போய்த் தன் லீக் கீரைக்கு ஊற்றுகிற பூவாளியோடு வந்தான்.

“அதுல உரம் கலந்தீங்களா?” என்று டெலித் கேட்டாள்.

“ஜனவரியில. நல்லாக் கழுவிட்டேன்.”

“கழுவலேன்னாலும் பரவாயில்ல. எனக்கு உச்சியில முடி கம்மி” என்றேன், சிங்குக்குள் தலையை விட்டபடி.

வாழ்நாளில் எத்தனையோ பேர் என் தலையை அலசியிருக்கிறார்கள். க்விலிம் அளவுக்கு யாரும் செய்ததில்லை. நாற்றுக்கு ஊற்றிப் பழகிய கை. சீராக, அவசரமில்லாமல், காதுக்குள் ஒரு சொட்டுப் போகாமல் ஊற்றினான். டெலித் விரலால் கோதிக் கோதி மருந்தை எடுத்தாள். ஒன்றரை வாளி முடிந்தபோது காந்தல் நின்றது. எனக்கு உயிர் வந்தது.

“பிளீச் போயிடுச்சு. ஆனா ஷாம்பு போட்டு நிறம் ஏத்தணும். அதுக்கு ஓடற தண்ணி வேணும். இப்படியே விட்டா சோளக்கதிர் நிறத்துலதான் இருப்பாங்க” என்றாள் டெலித்.

“நீ என்கூட மாடிக்கு வா. டார்ச் பிடிக்க ஆள் வேணும்” என்றாள் ஐர்வென்.

“நானா?”

“க்விலிமுக்கு ஆட்டம் ஆரம்பிச்சுடும்.”

நான் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன். எங்கள் தெரு வீடுகளில் மாடித் தளம் வெறும் பலகை. மேலே பேசுவது கீழே தெளிவாகக் கேட்கும். இருவரும் வாஷ்பேசினுக்கு அடியில் படுத்திருந்தார்கள் என்பது குரலிலேயே தெரிந்தது.

“கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டு. என் கண்ணுக்குள்ள இல்ல, குழாய் மேல.”

“இந்தக் குட்டிச் சாமான் எதுக்கு?”

“இத மாட்டி மூடிட்டா போதும். மேல குழாய் இல்லேன்னாலும் தண்ணி இங்கயே நிக்கும். தெருவால்வத் திறந்துடலாம், உனக்குத் தண்ணி வந்துடும். என் குழாய நான் சாவகாசமா மாட்டிக்கிறேன்.”

“இத முதல்லயே மாட்டியிருக்கலாமே.”

“முன்னாடி இருந்தவங்க மாட்டியிருந்தா நான் உன் தண்ணியத் தொட்டிருக்கவே மாட்டேன்.”

ஸ்பேனர் இரண்டு சுற்று திரும்புகிற சத்தம் கேட்டது.

“உன் வீட்டு மெயின் வால்வு எங்க இருக்கு, டெலித்?”

“தெரியாது.”

“தெரியாதா? நாள் பூரா தண்ணியிலதானே உன் பொழப்பு.”

“உங்களுக்கு எங்கே இருக்குன்னு தெரிஞ்சும் என்ன ஆச்சு? என் தண்ணியத்தானே மூடினீங்க.”

அதற்கு ஐர்வென் சிரித்தாள். பஸ்ஸில் அவளோடு போனவர்களுக்குத்தான் அந்தச் சிரிப்பு தெரியும். கடைசி சீட் வரைக்கும் கேட்கும். டெலித்தும் சிரித்தாள். பிறகு டெலித், “அந்த வேன் விஷயத்துல எனக்கு ரெண்டு வாடிக்கை போச்சு, தெரியுமா” என்றாள். “போனவங்க காரு எங்க நிறுத்துவாங்க?” என்றாள் ஐர்வென். “உங்க வாசல்லதான்.” “அப்போ எனக்கு வருத்தமில்ல.” அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

இறங்கி வந்து ஐர்வென் மூன்று பேருக்கும் வேலை சொன்னாள். க்விலிம் மாடியில் வாஷ்பேசினுக்கு அடியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஈரம் பட்டால் கத்த வேண்டும். நான் சிங்கின் பச்சைத் தண்ணீர்க் குழாயைக் கொஞ்சமாகத் திறந்து வைக்க வேண்டும். டெலித் தன் வீட்டில் பாய்லரை முதலில் அணைத்துவிட்டு, இதேபோல ஒரு குழாயைத் திறந்து வைக்க வேண்டும்.

“பாய்லர எதுக்கு அணைக்கணும்? அதுவே வேலை செய்யலையே.”

“நீ பொத்தானப் போட்டு அமுக்கி அமுக்கி அது கோவிச்சுக்கிட்டு நிக்குது. குழாய்ல இப்ப காத்து இருக்கு. காத்து போய், தண்ணி விட்டு விட்டு வராம ஒரே சீரா வரட்டும். அப்புறம் சுடுதண்ணிக் குழாயயும் திறந்து அதே மாதிரி ஓட விடு. அதுக்கப்புறம்தான் பாய்லர்.”

சிங்குக்கு அடியில் மெயின் வால்வைத் திறந்துவிட்டு, வெளியே போய்த் தெருவால்வை அவள் மெல்லத் திறந்தாள். சிங்க் குழாய் இருமியது, துப்பியது, பழுப்பாகக் கொஞ்சம் கக்கியது, பிறகு தெளிந்து ஓடியது. நான் மேலே பார்த்துக் கத்தினேன்: “க்விலிம், ஈரம்?”

“இல்ல” என்றான். கொஞ்சம் கழித்து, “எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இல்ல” என்றான். ஐர்வென் மாடிக்குப் போய், ஒவ்வொரு இணைப்பையும் ஒரு காய்ந்த காகிதத் துண்டால் துடைத்துப் பார்த்தாள். காகிதம் காய்ந்தே இருந்தது.

பிறகு பாய்லருக்கு வந்தாள். முள் முன்பு நின்ற இடத்திலேயே நின்றது. சுவிட்சைப் போட்டுவிட்டுச் சுடுதண்ணீரைத் திறந்தாள். உள்ளே ஒரு சொடக்கு, ஒரு முனகல், பிறகு ஆவி. “அவ்வளவுதான்” என்றாள், பஸ்ஸைக் கடைசி நிறுத்தத்தில் நிறுத்திவிட்டுச் சொல்வதுபோல.

நான் டெலித் வீட்டுக்குத் திரும்பினேன். அங்கேயும் பாய்லர் ஒழுங்காகப் பற்றியது. அவள் ஷாம்பு போட்டு, நிறம் ஏற்றி, உலர்த்தி, கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினாள். இடப்பக்கம் மட்டும் அவள் நினைத்ததைவிட ஒரு படி வெளுத்திருந்தது. மன்னிப்புக் கேட்டாள். எனக்கு இடப்பக்கம்தான் பிடித்திருந்தது. மாலையில் மேடையில் நான் அந்தப் பக்கத்தையே கூட்டத்துக்குக் காட்டி நின்றேன். பாட்டும் நன்றாகவே போனது. ஐர்வென் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. க்விலிம் வரவில்லை. வேல்ஸ் தோற்றுவிட்டது, அவனுக்கு யாரையும் பார்க்க மனமில்லை.

சிங்குக்கு அடியில் இருந்த அந்த மூடாத மெயின் வால்வு மட்டும் ஐர்வென்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நிறுத்தத் தெரியாத ஒன்று வீட்டுக்குள் இருப்பதை அவளால் பொறுக்க முடியாது. அதை மாற்ற வேண்டும் என்றால் தெருவால்வைத் திரும்பவும் மூடத்தான் வேண்டும். இந்தத் தடவை தண்ணீர்க் கம்பெனிக்குப் போன் செய்து, அந்த வால்வில் எத்தனை வீடு இருக்கிறது என்று கேட்டாள். அவர்கள் இரண்டு என்றார்கள். ஐர்வென் அதையும் நம்பாமல் இரு பக்கமும், எதிர் வரிசையிலும் கதவைத் தட்டிக் கேட்டாள். டெலித் வீட்டுக்குக் கடைசியாகப் போனாள். நான் அப்போது அங்கே முடி வெட்டிக்கொண்டிருந்தேன்.

“செவ்வாய்க்கிழமை உனக்கு லீவுதானே? காலையில கொஞ்ச நேரம் மூடறேன்.”

“செவ்வாய்க்கிழமை என் துணியெல்லாம் துவைக்கணும்.”

“திங்கட்கிழமை துவை.”

“திங்கட்கிழமை கடை இருக்கு. நீங்க செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூடுங்க.”

“சரி, மத்தியானம். அப்படியே உன் மெயின் வால்வயும் தேடிடலாம். வாஷிங் மெஷினுக்குப் பின்னாலதான் இருக்கும், பாரேன்.”

“அத நகர்த்த ஆள் வேணுமே.”

“நான் பஸ் ஓட்டினவ” என்றாள் ஐர்வென். டெலித் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத் தேநீர் போட உள்ளே போனாள். என் தலையில் பாதி முடி வெட்டியபடி அப்படியே இருந்தது. இருவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வெளியே என் கார் ஐர்வென் வாசலில்தான் நின்றது. அதை அவள் ஜன்னல் வழியே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்து, டெலித் வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள்.